ஐந்து மணிக்கு எழுந்து வாசலில் உட்காரும் மகள்

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கணவர் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். மூத்த மகளுக்கு 22 வயது. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் அவள் குட்டிக்கரணம் போட்டதைப் பார்த்த ஓர் ஆசிரியர்தான் ஜிம்னாஸ்டிக் பயிற்சியில் சேர்த்துவிட்டார். 10 வயதில் கோலாலம்பூர் விடுதிக்குப் போனாள். மாநிலங்களுக்கிடையிலான சுக்மா விளையாட்டுப் போட்டியில் மாநிலத்துக்குப் பதக்கம் வாங்கித் தந்தாள். நாட்டுக்காக வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் போனாள். முதுகுவலி வந்தது, பயிற்சியில் ஒருமுறை மோசமாக விழுந்தாள், அதற்குப் பிறகு தேசியக் குழுவை விட்டு எட்டு மாதத்துக்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டாள். பயந்துகொண்டு வந்துவிட்டாள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். காலை ஐந்து மணிக்கே எழுந்து வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறாள். எங்களோடு சாப்பிட உட்காருவதில்லை. இரவில் அடுப்படியில் தனியாக நின்று சாப்பிடுகிறாள். உடம்பு பருத்துவிட்டது. 17 வயதில்தான் பெரியவளானாள். இன்றும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிலக்கு வருகிறது. இங்கே ஒரு கிளினிக்கில் காட்டினோம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். நல்ல வரன் ஒன்றும் வந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கூப்பிட்டார்கள், மண்டபத்து வாசல் வரை போய்த் திரும்பிவிட்டாள். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-இல் சுமாராகத் தேறியிருக்கிறாள். 10 வயதில் அனுப்பியது எங்கள் தவறா? இனி இவளை என்ன செய்வது?

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த ஐந்து மணியில் என் கண் நின்றுவிட்டது. நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பன்னிரண்டு வயதில் தம் தாயாரின் நிரையில், அதாவது அவருக்கு ஒதுக்கிய மரவரிசையில், பால் வடியும் மங்கு துடைக்கப் போனவர், பிறகு தமக்கென்று ஒரு நிரை வாங்கி, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த மரங்களுக்கிடையே நடந்தார். தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது அவருடைய வேலை முடிந்தது. மறுநாள் காலை நான்கு மணிக்கு எழுந்து தலையில் துணியைக் கட்டிக்கொண்டார். இனிமேல் பெரட்டு என்னும் காலைப் பெயர்ப்பதிவு இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எழுந்தார். வரக்காப்பி வைத்துக் குடித்துவிட்டு லயத்து வாசலில் உட்காருவார். வலக்கை மணிக்கட்டு மட்டும் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும், பட்டையில் கத்தி சாய்வாக இறங்கும்போது திரும்புமே, அந்தத் திருப்பு. சும்மா படுத்துத் தூங்க வேண்டியதுதானே என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவர் அப்படித்தான் விடியலைப் பார்த்தார். சிறுமியாக இருந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிசியோதெராபி படித்து, விளையாட்டாளர்களின் உடம்பைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் பாட்டியின் மணிக்கட்டு எனக்குப் புரிந்தது. வேலை முடிந்துவிட்டது என்பது மனத்துக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். உடம்புக்குத் தெரிய நாளாகும்.

உங்கள் மகள் 10 வயதில் வேலைக்குப் போனவள். யாரும் அதை வேலை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த விளையாட்டின் மேல்மட்டத்தில் வாரத்துக்கு 25 முதல் 30 மணி நேரப் பயிற்சி சாதாரணம். பள்ளிப் பாடம் அதற்கு மேல். பன்னிரண்டு ஆண்டுகள் மற்றவர்கள் வகுத்த நேரத்தில் எழுந்து, மற்றவர்கள் சொன்னதைச் சாப்பிட்டு, ஒவ்வொரு அசைவுக்கும் மற்றவர்கள் போடும் புள்ளிக்குக் காத்திருந்தவள். அவளைச் சோம்பேறி என்றோ பிடிவாதக்காரி என்றோ பார்க்காதீர்கள். 22 வயதில் ஓய்வு பெற்ற ஒரு தொழிலாளி உங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறாள். ஓய்வு பெற்றவரிடம் நாம் முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்போம். அந்த வரிசையிலேயே நானும் போகிறேன். வேலை, வரன், மண்டபம் எல்லாம் கொஞ்சம் காத்திருக்கலாம். மாதவிலக்குக் காத்திருக்க முடியாது.

நான் மகப்பேற்று மருத்துவர் அல்ல. ஆனால் பத்தொன்பது ஆண்டுகளாக இப்படிப்பட்ட பெண்களின் முதுகையும் முழங்காலையும் பார்த்து வருகிறேன். அந்த வலிகளின் பின்னால் தவறிப்போன மாதவிலக்கு எத்தனையோ முறை இருந்திருக்கிறது. ஜிம்னாஸ்டிக் பெண்கள் பெரியவளாவது தள்ளிப்போவது உலகம் முழுவதும் தெரிந்த செய்தி. தெரிந்த செய்தி என்பதால் அது கவலையில்லாத செய்தி ஆகிவிடாது. 15 வயதுக்குள் பூப்படையாத எந்தப் பெண்ணையும் மருத்துவர் ஒருவர் பார்த்திருக்க வேண்டும். 17 வரை யாரும் உங்களுக்கு அதைச் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் தோட்டங்களில் சடங்கு வைக்கவில்லையே என்று ஊர் கேட்கும், எலும்பைப் பற்றி ஊர் கேட்காது.

ஒரு கணக்கு சொல்கிறேன். மழைக் காலத்தில் உங்கள் கணவருக்கு வேலை குறைந்து சம்பளம் சுருங்கிய மாதத்தில் நீங்கள் எதை நிறுத்துவீர்கள்? அரிசியையும் மின்சாரக் கட்டணத்தையும் நிறுத்த மாட்டீர்கள். கூரைப் பழுதைத் தள்ளிப்போடுவீர்கள். உடம்பும் அப்படித்தான். நாளெல்லாம் பயிற்சி செய்யும் பெண் அதற்குப் போதிய உணவு எடுத்துக்கொள்ளாவிட்டால், மூளை இதயத்தையும் தசைகளையும் ஓட்டிக்கொண்டு, பிள்ளைப்பேற்றுக்கான ஏற்பாட்டை நிறுத்தி வைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பு குறைகிறது, மாதவிலக்கு நிற்கிறது, எலும்புக்குப் போக வேண்டிய பங்கும் குறைகிறது. விளையாட்டாளர்களின் இந்த ஆற்றல் பற்றாக்குறை மாதவிலக்கை மட்டும் பாதிப்பதில்லை, எலும்பு, நோய் எதிர்ப்பு, மனநிலை வரை எல்லாவற்றையும் தொடுகிறது என்று அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2014-இல் தெளிவாக எடுத்துச் சொன்னது. பயிற்சியை நிறுத்திவிட்டாளே, இப்போது பருத்தும் இருக்கிறாளே என்று நீங்கள் கேட்கலாம். பார்வைக்குப் பருத்திருப்பது உணவு ஒழுங்காகப் போகிறது என்பதற்குச் சான்று அல்ல. பகலில் பட்டினி, இரவில் நின்றபடி சாப்பாடு என்றால் உடம்பு இன்னும் அந்தப் பழைய பயத்திலேயே இருக்கிறது. வேறு காரணங்களும் இருக்கலாம். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, இன்னும் சில. எது என்று ஊகிக்காமல் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்யாணம் எந்தச் சுரப்பியையும் சரிசெய்யாது. இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ பெண்களின் நான்கைந்து ஆண்டுகள் வீணாகியிருக்கின்றன.

திங்கட்கிழமை காலை அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். கட்டணம் 1 வெள்ளிதான். அங்கிருந்து நிபுணரிடம் போவதற்குக் கடிதம் கேளுங்கள், அந்தக் கடிதத்தோடு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போய் நிபுணரைப் பாருங்கள். "மாதவிலக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, 17 வயதில்தான் பூப்படைந்தாள், பன்னிரண்டு ஆண்டுகள் கடும் பயிற்சி செய்தவள்" என்று இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை விட்டாலும் படம் மாறிவிடும். இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுப்பார்கள். எலும்பு அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று நீங்களே கேளுங்கள். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள், அதைக் கண்டு பதறவோ மகளை ஒரு மாதிரி பார்க்கவோ வேண்டாம். மாதவிலக்கு தவறும் எந்தப் பெண்ணுக்கும் அதுதான் முதல் படி. மருத்துவரின் அறைக்குள் நீங்கள் வர வேண்டுமா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

மாதாமாதம் உதிரம் வரவைக்கும் மாத்திரை தருகிறோம் என்று யாராவது சொன்னால், காரணம் தெரிந்த பிறகுதானா என்று கேளுங்கள். மாத்திரையால் வரும் உதிரம் உடம்பு மீண்டுவிட்டதற்கு அடையாளம் அல்ல. உள்ளே எதுவும் சரியாகாமலேயே சரியானது போலத் தோற்றம் தந்துவிடும்.

நல்ல செய்தியையும் சொல்லியாக வேண்டும். குதித்துத் தரையிறங்கும் விளையாட்டுகள் எலும்பை உறுதியாக்குகின்றன. ஜிம்னாஸ்டிக் செய்தவர்களின் எலும்பு பொதுவாக மற்றப் பெண்களைவிட அடர்த்தியானது, விட்ட பிறகும் அந்த ஆதாயத்தில் ஒரு பங்கு நிற்கிறது. எலும்பு சேர்ந்துகொண்டிருக்கும் காலமும் இருபதுகளின் பிற்பகுதி வரை இருக்கிறது. 22 தாமதமான வயது அல்ல.

முதுகுக்கு வருகிறேன். இடுப்புக்குச் சற்று மேலே, ஐந்தாவது முள்ளெலும்பின் பின்புற வளைவில் மயிரிழை போல விரிசல் விழுவது இந்த விளையாட்டில் அடிக்கடி காணப்படுவது. முதுகைப் பின்னால் வளைத்து வளைத்து வரும் காயம் அது. இத்தனை ஆண்டு வலியைத் தாங்கிப் பிடித்திருந்தவை சுற்றியிருந்த தசைகள். பயிற்சியை ஒரேயடியாக நிறுத்தியதும் தசை இளகுகிறது, பிடிமானம் போகிறது. ஓய்வெடுக்கிறாளே, ஏன் வலி கூடுகிறது என்று பெற்றோர் குழம்புவது இதனால்தான். முழு ஓய்வு இவளுக்கு மருந்து அல்ல. மருத்துவமனையில் பிசியோதெராபிப் பிரிவுக்கு எழுதித்தரச் சொல்லுங்கள். குழுவில் இருந்தபோது எடுத்த எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்களின் நகலைக் கேட்டு வாங்க அவளுக்கு உரிமை இருக்கிறது. அவை இருந்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது போல. ஊரில் எண்ணெய் போட்டு நீவுகிறவரிடம் போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் நெட்டி முறிப்பதும் முதுகில் ஏறி மிதிப்பதும் கூடவே கூடாது. காலில் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், சிறுநீர் கட்டுப்படாமை இவற்றில் ஏதாவது வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உறவினர்களின் பேச்சுக்கு வருகிறேன். ஜிம்னாஸ்டிக்கில் பீம் என்று சொல்லும் சமநிலைக் கட்டை 10 சென்டிமீட்டர் அகலம். உங்கள் உள்ளங்கையைக் கிடையாக வையுங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரம். அதன்மேல் பின்னால் பாய்ந்து, சுழன்று, பார்க்காமலேயே மறுபடி அதே கட்டையில் கால் வைக்கிறவள் பயம் அறியாதவளாக இருந்தால் ஒரு மாதம் தாக்குப்பிடிக்க மாட்டாள். பயத்தோடு வேலை செய்யப் பழகியவர்கள் அவர்கள். அப்படிப் பழகியவளே போதும் என்றால் அவளுடைய உடம்பு அவளுக்கு ஏதோ சொல்லியிருக்கிறது.

சோவியத் நாட்டின் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை எலெனா முகினாவை இன்று நம்மில் பலருக்குத் தெரியாது. 1978-இல் உலக வெற்றியாளர். கால் எலும்பு முறிந்து முழுதாக ஆறாத நிலையில், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்காக மிக ஆபத்தான ஒரு சுழற்சியைப் பழகச் சொன்னார்கள். இதைச் செய்தால் என் கழுத்து முறியும் என்று அவர் பயிற்றுநரிடம் சொன்னார். ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பயிற்சியில் கழுத்து முறிந்தது. 20 வயதில் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, 46 வயதில் இறக்கும் வரை அப்படியே இருந்தார். பெண்கள் பிரிவில் அந்தச் சுழற்சி பிறகு தடைசெய்யப்பட்டது. நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் குழு இறுதிச் சுற்றில் வால்ட் என்னும் தாண்டு மேசையை ஒரே ஒருமுறை தாண்டிவிட்டு விலகிக்கொண்டார். காற்றில் சுழலும்போது தரை எந்தப் பக்கம் என்று உடம்புக்குத் தெரியாமல் போய்விட்டது அவருக்கு. கோழை என்று அவரையும் பேசினார்கள். அவர் முழு உடம்போடு வீடு திரும்பினார், 2024 பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். உங்கள் மகள் திரும்பவும் போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அடுத்த முறை யாராவது பயந்து வந்துவிட்டாள் என்றால், நடக்கிற காலோடு வந்திருக்கிறாள் என்று நீங்கள் சொல்ல வேண்டும். அதை அவள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

இத்தனை வயதில் விட்டால் தோல்வி, இத்தனை வயது வரை இருந்தால் வெற்றி என்று இந்த விளையாட்டில் கணக்கே கிடையாது. 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 14 வயதில் முழுப் பத்துப் புள்ளி வாங்கிய ருமேனியாவின் நாடியா கோமனெச்சிக்குக் கடைசிப் பெரிய போட்டியின்போது வயது 19. நம் நாட்டின் ஃபரா ஆன் அப்துல் ஹாடி 27 வயதில்தான் ஒலிம்பிக்கில் கால் வைத்தார். திரிபுராவின் தீபா கர்மாக்கர் ரியோ ஒலிம்பிக்கில் 0.15 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு, 31 வயதில் ஓய்வை அறிவித்தார். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவித்தினா 46 வயதில் தம் எட்டாவது ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். அவரைக் காட்டி உங்கள் மகளை யாராவது குத்திப் பேசினால், அந்தத் தாயின் கதையையும் சொல்லுங்கள். 2002-இல் அவருடைய சிறு மகனுக்கு இரத்தப் புற்றுநோய். சிகிச்சைக்காக ஜெர்மனிக்குப் போய், அந்தச் செலவுக்காகவும்தான் அவர் போட்டிகளில் தொடர்ந்து இறங்கினார்.

இனி சாப்பாடு. வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். மெலிந்தாய், பருத்தாய், முன்பு எப்படி இருந்தாய் என்று யாரும், தீபாவளிக்கு வரும் அத்தை உட்பட, ஒரு சொல் சொல்லக் கூடாது. பாராட்டாகவும் சொல்லக் கூடாது. பத்து வயதிலிருந்து அவளுடைய எடை மற்றவர்களின் பேச்சுப்பொருளாக இருந்திருக்கும். அமெரிக்காவில் கிறிஸ்டி ஹென்ரிச் என்ற ஜிம்னாஸ்டிக் பெண்ணிடம், எடையைக் குறைத்தால்தான் ஒலிம்பிக் குழுவில் இடம் என்று ஒரு நடுவர் சொன்னார். பசியை ஒடுக்கும் நோயில் விழுந்து 1994-இல் 22 வயதில் அவர் இறந்தார். உங்கள் மகளின் வயது. உங்களைப் பயமுறுத்த அல்ல, ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போகட்டும். மைலோவும் இரண்டு தோசையும் போதும். நாசி லெமாக் வேண்டுமென்றால் அதுவும் உணவுதான், கெட்ட உணவு என்று அவள் தலையில் எழுதி வைத்திருப்பதை நீங்கள் இன்னொரு முறை எழுத வேண்டாம். கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள். தட்டை வைத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், டிராக்டர் பழுதானதையோ பக்கத்து வீட்டுக் கோழியையோ பேசுங்கள். சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுக்கிறாள், மயங்கி விழுகிறாள், நெஞ்சு படபடக்கிறது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தாலும் அப்படித்தான். இரவு நேரத்தில் யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் நாள் முழுவதும் திறந்திருக்கிறது.

மண்டபத்து வாசலில் இருந்து அவள் திரும்பியதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது இரண்டு விதமாகவும் படுகிறது. துக்கமாக இருக்கலாம். என் பாட்டி செம்பனை நட்ட பிறகு அந்தப் பக்கமே போகமாட்டார், கடைக்குப் போவதென்றாலும் சுற்றுவழியில் போவார். அப்படியானால் காலம் ஆற்றும். ஆனால் இன்னொன்றையும் நான் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக் குழுவின் மருத்துவராக இருந்த லாரி நாசர் சிறுமிகளையும் பெண்களையும் ஆண்டுக்கணக்கில் சீரழித்தவன். 2018-இல் தண்டனை வழங்கும் முன் 150-க்கும் மேற்பட்டவர்கள் நீதிமன்றத்தில் எழுந்து பேசினார்கள். அவர்களில் சிலருக்கு அது நடந்தபோது பெற்றோர் அதே அறையில் இருந்தார்கள், தெரியவில்லை. உங்கள் மகளுக்கு அப்படி ஏதும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அடி, வசவு, அவமானம் எதுவாகவும் இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

துருவித் துருவிக் கேட்காதீர்கள். காய்கறி நறுக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, முகத்தைப் பார்க்காமல், ஒரே ஒருமுறை சொல்லுங்கள்: "அங்கே யாராவது உன்னிடம் தவறாக நடந்திருந்தால், இன்றைக்குச் சொன்னாலும் பத்து வருடம் கழித்துச் சொன்னாலும் அம்மா நம்புவேன். உன் மேல் கோபம் வராது." பிறகு பேச்சை மாற்றிவிடுங்கள். அந்த வாக்கியம் அவளுக்குள் கிடக்கட்டும். அப்பாவிடம் சொல்லிவிடுவீர்களோ என்ற பயம்தான் பெண் பிள்ளைகளின் வாயைப் பெரும்பாலும் அடைக்கிறது, ஆகவே அவளைக் கேட்காமல் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவள் ஏதாவது சொன்னால் அரசாங்க மருத்துவமனையில் இதற்கென்றே தனி உதவிப் பிரிவு இருக்கிறது. அதுவரை சனிக்கிழமை வகுப்புக்குப் போகச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம். அழைத்த ஆசிரியருக்கு நன்றி சொல்லி, இப்போதைக்கு இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

படிப்பும் வேலையும்: உங்கள் கவலை இதில்தான் அதிகம், ஆனால் எனக்கு இதில்தான் கவலை குறைவு. எஸ்.பி.எம். சுமார் என்பதால் கதவு மூடவில்லை. ஏபெல் என்று ஒரு வழி இருக்கிறது. ஒருவர் வேலையிலும் வாழ்க்கையிலும் கற்றதை மதிப்பிட்டு உயர்கல்விக்கு அனுமதிக்கும் முறை அது. மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம் நடத்துகிறது. 20 வயதைக் கடந்தவர்கள் டிப்ளோமா படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு தேர்வு எழுத வேண்டும், அனுபவத்துக்கான சான்றுகளைக் கோப்பாகத் தர வேண்டும். ஆகவே இன்றே ஒரு கோப்பு வாங்கி, போட்டிச் சான்றிதழ்கள், தேர்வுக் கடிதங்கள், முடிவுப் பட்டியல்கள், மருத்துவக் குறிப்புகள் எல்லாவற்றையும் போட்டு வையுங்கள். நாட்டைப் பிரதிநிதித்தவர் என்றால் யாகெப் என்னும் தேசிய விளையாட்டாளர் நல அறக்கட்டளையிலும் பதிந்துகொள்ளலாம், கல்விக்கும் மருத்துவத்துக்கும் உதவி கேட்கும் இடம் அது. பயிற்றுநராக விரும்பினால் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம் படிநிலைகளாக இருக்கிறது. விரும்பினால் என்பதை மறக்க வேண்டாம். ஜிம்னாஸ்டிக் செய்தவள் ஜிம்னாஸ்டிக்தான் சொல்லித்தர வேண்டும் என்று விதியில்லை. என்னிடம் வந்தவர்களில் ஒருவர் இன்று தாதியாக இருக்கிறார், இன்னொருவர் வங்கியில் இருக்கிறார். இருவருமே அந்தத் தேர்வைத் தாங்களாகச் செய்ய ஏறத்தாழ ஓர் ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். அந்த ஓர் ஆண்டை உங்கள் மகளுக்கும் கொடுங்கள். வருமானம் தேவை என்றால் அதற்குள் அரைநாள் வேலை ஒன்றைப் பார்க்கலாம், தவறில்லை.

வரன் வீட்டாரிடம் இந்த ஆண்டு இல்லை என்று சொல்லுங்கள். நல்லவர்கள் என்றால் காத்திருப்பார்கள். அவளிடம் கேட்ட பிறகுதான் அடுத்த பேச்சு.

10 வயதில் அனுப்பியது தவறா என்று கேட்டீர்கள். தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாம் சரியாக நடந்தது என்றும் சொல்ல முடியவில்லை. 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் மலேசியக் குழு ரிதமிக் ஜிம்னாஸ்டிக்கில் தங்கம் வென்றபோது, அந்தக் குழுவில் சரினா சுந்தர ராஜா இருந்தார். அந்தப் பெயரைத் தொலைக்காட்சியில் கேட்டபோது எங்கள் லயத்தில் எழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நம் பிள்ளைகளும் அங்கே நிற்கலாம் என்று நினைக்க நமக்கு உரிமை உண்டு. இந்த விளையாட்டை நடத்துகிற பெரியவர்களுக்கே குழந்தையின் உடம்பைப் பற்றிப் புரியக் காலம் பிடித்தது. 14 வயதுப் பிள்ளைகள் போட்டியிட்ட மேடையில் 1981-இல் வயது வரம்பை 15 ஆக்கினார்கள், 1997-இல்தான் 16 ஆனது. அவர்கள் கற்க இத்தனை ஆண்டு எடுத்த பாடத்தைச் சுங்கை சிப்புட் தோட்டத்தில் இருந்த நீங்கள் 10 வயது மகளின் கையைப் பிடித்து நின்றபோது அறிந்திருக்க வழியில்லை. போகும் வழியைக் காட்ட எத்தனை பேர் வந்தார்கள்! திரும்பும் வழியைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. என் கோபம் அவர்கள் மேல், உங்கள் மேல் அல்ல. அவள் ஒருநாள் உங்களிடமே கோபப்படலாம். அப்போது இந்த நியாயத்தையெல்லாம் சொல்லித் தற்காத்துக்கொள்ளாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை ஐந்து மணிக்கு நீங்களும் எழுந்திருங்கள். இரண்டு கோப்பை தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு போய் அந்தப் படியில் அவள் பக்கத்தில் உட்காருங்கள். எதுவும் கேட்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து, வெளிச்சம் வந்ததும் தோட்டத்துச் சாலையில் கோயில் வரை நடந்துவிட்டு வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். இருபது நிமிடம் போதும், யாரும் புள்ளி போடாத நடை. வரவில்லை என்றால் மறுநாளும் தேநீரோடு போங்கள்.

மருத்துவமனை அறிக்கைகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். டெக்ஸா எடுத்தால் முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் தனித்தனியாக எண் தருவார்கள், இரண்டையும் குறிப்பிடுங்கள். அதைப் பார்த்த பிறகு முதுகுக்கு என்னென்ன பயிற்சி, எதிலிருந்து தொடங்கலாம் என்று அவளுக்கே நேராக ஒரு கடிதம் எழுதுகிறேன், அவள் சம்மதித்தால்.